76 படி இறங்கினால் 303: அக்ஸ்பிரிட்ஜ் பங்கர் எப்படி இருக்கிறது?

லண்டனுக்கு விருந்தாளி வந்தால் நம் வீடுகளில் ஒரே சுற்றுலாதான். டவர் பிரிட்ஜ், பிக் பென், மெழுகுச் சிலைகள், நடுவில் எங்காவது தோசை. அதைக் குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான் பல பேரை அலையவிட்டிருக்கிறேன். ஆனால் ஹேய்ஸ், ஹேரோ, சவுத்தால் என்று நம் ஆட்கள் நெருக்கமாக வாழ்கிற மேற்கு லண்டனிலேயே, மெட்ரோபாலிட்டன் ரயில் போய் நிற்கிற கடைசி ஸ்டேஷனில் இறங்கி இருபது நிமிடத்துக்குள் நடந்து போகிற தூரத்தில், 1940-இல் ஜெர்மன் விமானப்படைக்கு எதிரான ஒரு வான்போரையே நடத்திய அறை ஒன்று தரைக்குக் கீழே அப்படியே இருக்கிறது என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. பேட்டில் ஆஃப் பிரிட்டன் பங்கர் என்று பெயர். ஹில்லிங்டன் கவுன்சில் நடத்துகிறது. மேலே கண்காட்சிக் கட்டடம், கீழே பங்கர். பங்கருக்குள் வழிகாட்டியோடு நேரம் குறித்துத்தான் இறங்க முடியும். இந்த விமர்சனம் முக்கியமாக அந்தச் சுற்றைப் பற்றியது.

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன்: போங்கள். அதிலும் போர் விமான ஸ்குவாட்ரன்களின் கதைகளைத் தேடித் தேடிப் படிக்கிற ஆளாக இருந்தால் கட்டாயம் போங்கள். விமானம் பார்க்கத்தான் வேண்டும் என்றால் ஹெண்டன், டக்ஸ்ஃபோர்ட் மியூசியங்கள் இருக்கின்றன, அங்கே அசல் விமானங்களை நாள் முழுக்கப் பார்க்கலாம். இங்கே வெளியே நிற்கிற ஸ்பிட்ஃபயரும் ஹரிக்கேனும் வெறும் மாதிரிகள். கூட வந்த என் மச்சான் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், விமானமே இல்லாத விமானப்படை மியூசியத்துக்கா இவ்வளவு தூரம் இழுத்து வந்தாய்?" என்றான். கீழே போய் ஏறி வந்த பிறகு அவன்தான் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தான், நான் பதில் சொல்லித் தவித்தேன்.

நான் போனதற்குக் காரணம் 303-ஆம் ஸ்குவாட்ரன். போலந்து விமானிகளின் படைப்பிரிவு அது. பங்கரிலிருந்து சில மைல் தள்ளி இருக்கிற நார்த்தோல்ட் தளத்திலிருந்து ஹரிக்கேன் ஓட்டினார்கள். 1939 செப்டம்பரில் தங்கள் நாடு விழுந்ததும் ருமேனியா வழியாகப் பிரான்சுக்கு ஓடி, 1940 ஜூனில் பிரான்சும் விழுந்ததும் அங்கிருந்து இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தவர்கள். தாமதமாகத்தான் களத்தில் இறக்கினார்கள், ஆகஸ்ட் கடைசி நாளில். அதற்குப் பிறகு ஏறத்தாழ ஆறே வாரம். அந்த ஆறு வாரத்தில் 126 எதிரி விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குக் கொடுத்தார்கள். அந்தப் போரில் பறந்த ஹரிக்கேன் படைப்பிரிவுகளிலேயே இதுதான் அதிகம். இந்தக் கதையைப் படங்களோடு, ஆவேசமான வசனங்களோடு, எத்தனையோ இடத்தில் படித்திருப்பீர்கள். எனக்கு ரொம்ப நாளாக ஒரு உறுத்தல் இருந்தது: வானம் அவ்வளவு பெரியது, விமானம் அவ்வளவு சிறியது, இவர்கள் எப்படிச் சரியான நேரத்தில் சரியான இடத்தில் போய் நின்றார்கள்? அந்தக் கேள்விக்கு விமானம் வைத்திருக்கிற மியூசியம் எதுவும் எனக்கு ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. இந்த அறை சொல்லிவிடுகிறது.

76 படி இறங்க வேண்டும். தரையிலிருந்து சுமார் 60 அடி ஆழம். 1939-இல் கட்டி, போர் அறிவிப்பதற்குச் சில நாள் முன்பு ஆகஸ்டில் வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். தென்கிழக்கு இங்கிலாந்தையும் லண்டனையும் காக்கும் பொறுப்பு 11-ஆம் குரூப் என்ற விமானப்படைப் பிரிவுக்கு, அதன் தலைவர் நியூசிலாந்துக்காரர் கீத் பார்க், அவருடைய கட்டளை அறைதான் இது. இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது மேசை. மேசை என்று சொன்னால் பத்தாது, தென்கிழக்கு இங்கிலாந்தும் ஆங்கிலக் கால்வாயும் எதிர்க்கரையும் வரைந்த பிரம்மாண்டமான வரைபடம், அறையை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. அதன் மேல் சிறு சிறு மரக்கட்டைகள். எதிரி என்றால் ஒரு எழுத்து, நம் ஆள் என்றால் வேறு எழுத்து, கூடவே எண், எத்தனை விமானம், எவ்வளவு உயரம். காதில் ஹெட்போன் மாட்டிய பெண்கள், பெரும்பாலும் இருபது வயதை ஒட்டியவர்கள், நீளமான கழியால் இந்தக் கட்டைகளைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

அறையில் இருக்கிற கடிகாரத்தை மட்டும் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். முகப்பு முழுக்கச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஐந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முக்கோணம். நிமிட முள் எந்த நிறத்தில் இருக்கிறதோ அந்த நிற அம்புக்குறியைத்தான் மேசையில் வைக்க வேண்டும். ஆக, மேலே மாடத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி குனிந்து ஒரு பார்வை பார்த்தாலே போதும், எந்தச் செய்தி இப்போது வந்தது, எது பழையது என்று நிறமே சொல்லிவிடும். பழைய நிறம் மேசையில் தங்கிவிட்டால் அது பொய்த் தகவல் என்று அர்த்தம், எடுத்துவிட வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் தகவலுக்கு வயது குறித்து வைக்க இதைவிட எளிய ஏற்பாடு இருக்க முடியாது. நான் மென்பொருள் வேலை பார்ப்பவன், எங்கள் அலுவலகத்தில் பழைய தரவைப் புதுசு என்று நினைத்து அடித்துக்கொள்வது வாரம் ஒரு முறையாவது நடக்கும், அதனால் எனக்கு இது கொஞ்சம் அதிகமாகவே பிடித்துப்போயிற்று.

தகவல் வந்த பாதையையும் வழிகாட்டி நன்றாகவே விளக்கினார். கரையோர ரேடார் கோபுரங்கள் கடலைப் பார்த்தபடி நிற்கும், எதிரி கரையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் ரேடாரால் பயனில்லை, அப்புறம் கண்ணாலும் காதாலும் கவனிக்கிற அப்சர்வர் கோர் தொண்டர்கள்தான். ரேடார் செய்தி முதலில் பென்ட்லி பிரையரி என்ற தலைமையகத்துக்குப் போய்ச் சலிக்கப்பட்டு, அங்கிருந்து இந்த அறைக்கு வரும், இங்கே எந்த ஸ்குவாட்ரனை ஏற்றுவது என்று முடிவாகும், பிறகு நார்த்தோல்ட், பிகின் ஹில், கென்லி மாதிரி, பகுதிக்கு ஒன்றாக இருந்த செக்டர் தளங்கள் விமானிகளோடு ரேடியோவில் பேசி வழி காட்டும். ஹரிக்கேன் ஒன்று சண்டை போடும் உயரத்துக்கு ஏறவே ஏறத்தாழ கால் மணி நேரம் பிடிக்கும். எதிரி பிரான்சின் கலேயிலிருந்து கிளம்பி ஆங்கிலக் கரையை எட்ட அவ்வளவு நேரம்கூட ஆகாது. அதனால் இங்கே ஒருவர் ஐந்து நிமிடம் யோசித்தால் மேலே ஒரு ஸ்குவாட்ரன் எதிரிக்குக் கீழே மாட்டிக்கொள்ளும். அவசரப்பட்டு ஏற்றிவிட்டாலும் ஆபத்துதான், எதிரி ஏமாற்றுக்காட்டித் திரும்பிவிடுவான், இவர்கள் பெட்ரோல் தீர்ந்து கீழே நிற்கும்போது நிஜமான அலை வரும்.

இப்போது சுவருக்கு வாருங்கள். மேசைக்கு எதிரே சுவர் முழுக்க நிற்கிற பலகைதான் இந்த இடத்தின் உயிர், சென்ட்ரல் ஸ்டேஷன் ரயில் அறிவிப்புப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செக்டருக்கும் ஒரு பகுதி, அதன் கீழ் ஒவ்வொரு ஸ்குவாட்ரனுக்கும் ஒரு வரிசை, அந்த வரிசையில் விளக்குகள். அரை மணியில் தயாராவார்கள், இப்போது தயார், தரையை விட்டு எழும்பியாயிற்று, எதிரியைப் பார்த்துவிட்டார்கள், இறங்கிப் பெட்ரோல் நிரப்புகிறார்கள் என்று ஒவ்வொரு நிலைக்கும் ஒரு விளக்கு. அடியில் மேகமூட்ட நிலவரம் வேறு. அறை 1940 செப்டம்பர் 15-ஆம் தேதி இருந்த மாதிரி அமைக்கப்பட்டிருக்கிறது. நார்த்தோல்ட் பகுதியைத் தேடிப்பிடித்தால் 303 என்ற எண் தெரியும். நான் எத்தனையோ படித்த அந்தக் கூட்டம், அந்தச் சாகசம், அந்தப் பெயர்கள் எல்லாம் இங்கே ஒரு எண், கீழே சில விளக்கு. இதைக் கேவலமாகச் சொல்லவில்லை. பன்னிரண்டு விமானங்களைப் பன்னிரண்டு வீரர்களாகப் பார்க்காமல் ஒரே விளக்காகப் பார்க்க முடிந்ததால்தான் பார்க்கால் எல்லாவற்றையும் கையாள முடிந்தது என்று அங்கே நின்றபோது பட்டது.

அந்த விளக்கு எரியவே அவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதைச் சுற்றில் கொஞ்சம்தான் தொட முடிகிறது, நேரம் அப்படி. அதனால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். போலந்துக்காரர்களுக்குப் பறக்கத் தெரியாமல் இல்லை, பலருக்கு அன்றைய ஆங்கிலேய இளைஞர்களைவிட அனுபவம் அதிகம். பிரச்சினை மொழி. செக்டரிலிருந்து ரேடியோவில் ஆங்கிலத்தில் எண்ணும் திசையும் வந்துகொண்டே இருக்கும், ஏஞ்சல்ஸ் 15 என்றால் 15 ஆயிரம் அடி என்று நொடியில் புரிய வேண்டும், மீட்டரிலும் கிலோமீட்டரிலும் பழகிய ஆள் அடியிலும் மைலிலும் யோசிக்க வேண்டும். அதற்காக அவர்களை மூன்று சக்கர சைக்கிளில் ஏற்றி, அதில் திசைகாட்டியும் ரேடியோவும் பொருத்தி, கால்பந்து மைதானத்தில் அணிவகுத்து ஓட்டவிட்டிருக்கிறார்கள். போர் அனுபவம் உள்ள விமானிகள் சைக்கிள் மிதித்துக்கொண்டு, ஒரு பக்கம் தலைக்கு மேல் எதிரி பறக்கிறான், எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும்! தலைமையும் இரட்டைத் தலைமை: ரோனால்ட் கெல்லட் என்ற ஆங்கிலேயரும் கிராஸ்னொடெம்ப்ஸ்கி என்ற போலந்துக்காரரும். ஸ்குவாட்ரனின் இரண்டு பாதிகளான பிளைட்டுகளுக்குத் தலைவர்கள் ஜான் கென்ட் என்ற கனடாக்காரர், ஃபோர்ப்ஸ் என்ற இன்னொருவர். கென்டைப் போலந்துக்காரர்கள் கென்டோவ்ஸ்கி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கு மேல் என்ன பட்டம் வேண்டும்.

ஆகஸ்ட் 30-ஆம் தேதி நடந்தது தனிக் கதை. அன்றைக்கும் பயிற்சிதான். சொந்த பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்களை எதிரியாகப் பாவித்து மறிக்கிற ஒத்திகை. நடுவில் லுட்விக் பாஷ்கியெவிச் நிஜமான ஜெர்மன் கூட்டத்தைப் பார்த்துவிட்டார். ரேடியோவில் சொன்னார், பதில் வரவில்லை, அவ்வளவுதான், அணியை விட்டு விலகிப் போய் ஒன்றைச் சுட்டு வீழ்த்திவிட்டுத் திரும்பினார். கெல்லட் திட்டவும் செய்தார், பாராட்டவும் செய்தார். மறுநாளே ஸ்குவாட்ரனைப் போருக்குத் தயார் என்று அறிவித்துவிட்டார்கள். இந்தக் கதையைப் பெரும்பாலும் துடிப்பான வீரன் கட்டளையை மீறினான் என்கிற ரகத்தில் சொல்வார்கள். பலகை முன்னால் நின்று யோசித்தால் வேறு மாதிரித் தெரிகிறது. ஒரு விமானம் தானாக விலகினால் அந்த விளக்கு பொய் சொல்ல ஆரம்பிக்கிறது. பார்க் கையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவருக்கே தெரியாமல் போகும். கெல்லட் திட்டியது அதற்காகத்தான் இருக்கும். அதே சமயம் ஆகஸ்ட் கடைசியில் அனுபவசாலி விமானிகள் தட்டுப்பாடு எவ்வளவு மோசம் என்றால், திட்டிய கையோடு சண்டைக்கு அனுப்பியும் விட்டார்கள்.

அப்புறம் நடந்தது வேகமாக நடந்தது. செப்டம்பர் 6-ஆம் தேதி ஒரே சண்டையில் கெல்லட், ஃபோர்ப்ஸ், கிராஸ்னொடெம்ப்ஸ்கி என்று தலைமையில் இருந்த மூவரும் அடிபட்டார்கள், கிராஸ்னொடெம்ப்ஸ்கிக்கு மோசமான தீக்காயம். போலந்துப் பக்கத் தலைமை விட்டோல்ட் உர்பனோவிச் கைக்குப் போனது. அடுத்த நாள், லண்டன் மேல் பெரிய பகல் தாக்குதல் தொடங்கிய நாள், இதே ஸ்குவாட்ரன் 14 விமானங்களை வீழ்த்தியதாகச் சொன்னது. யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. நார்த்தோல்ட் தளத்தின் தலைவர் ஸ்டான்லி வின்சென்ட் முதல் உலகப் போரிலேயே சண்டை போட்டவர், சந்தேகம் தாங்காமல் தானே ஒரு ஹரிக்கேனில் ஏறி இவர்கள் பின்னாலேயே போய்ப் பார்த்தார். மிக அருகில் போய், மோதிவிடுவார்களோ என்கிற தூரத்தில் சுடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து, சொன்னது நிஜம்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆங்கிலேயப் பயிற்சி இன்னும் தொலைவிலிருந்து சுடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது.

எண்ணிக்கை விஷயத்தில் நான் கொஞ்சம் நிதானமாக இருக்கச் சொல்வேன். 126 என்பது அன்று ஏற்றுக்கொண்ட கணக்கு. போருக்குப் பிறகு ஜெர்மன் இழப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டவர்கள் உண்மை அதைவிடக் கணிசமாகக் குறைவு என்கிறார்கள். அதற்காகப் போலந்துக்காரர்கள் புளுகினார்கள் என்று ஆகாது. ஒரே விமானத்தை மூன்று பேர் சுடுவார்கள், மூவரும் தன்னுடையது என்பார்கள், எல்லாப் படையிலும் இதேதான். செப்டம்பர் 15-ஆம் தேதி முழு ஆங்கிலேய விமானப்படையும் 185 வீழ்த்தியதாக அறிவித்தது, நிஜம் 60-ஐ ஒட்டித்தான். கணக்கைக் குறைத்தாலும் 303 அந்தப் போரின் மிகச் சிறந்த படைப்பிரிவுகளில் ஒன்று என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. ஒட்டுமொத்தப் போர் விமானப் படைக்கும் தலைவராக இருந்த டவுடிங், போலந்துப் படைப்பிரிவுகள் இல்லாமல் போயிருந்தால் முடிவு இதே மாதிரி இருந்திருக்கும் என்று சொல்லத் தயங்குவேன் என்கிற பொருளில் எழுதி வைத்திருக்கிறார். முதலில் இவர்களைச் சேர்க்கத் தயங்கியவரும் அவர்தான்.

அந்த செப்டம்பர் 15-ஆம் தேதி சர்ச்சில் மனைவியோடு இந்த அறைக்கு வந்து மாடத்தில் உட்கார்ந்திருந்தார். காற்றோட்டம் தாங்காது, புகை பிடிக்கக்கூடாது என்று பார்க் சொல்லிவிட்டதால் பற்ற வைக்காத சுருட்டைக் கடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார் என்பார்கள். நேரம் போகப் போகப் பலகையில் எல்லா ஸ்குவாட்ரனும் மேலே, அல்லது சண்டையில், அல்லது இறங்கிக்கொண்டிருக்கிற நிலை. கையிருப்பு என்ன இருக்கிறது என்று சர்ச்சில் கேட்டார். எதுவும் இல்லை என்று பார்க் பதில் சொன்னார். படிக்கும்போது இது ஒரு நல்ல வசனம், அவ்வளவுதான். மாடத்தின் வளைந்த கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று எதிர்ச் சுவரைப் பார்க்கும்போது, கேட்க வேண்டிய அவசியமே அவருக்கு இருந்திருக்காது, விளக்குகளிலேயே தெரிந்திருக்கும் என்று தோன்றியது. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஆகஸ்ட் 16-ஆம் தேதி இதே இடத்துக்கு வந்துவிட்டுக் காரில் திரும்பும்போதுதான், இத்தனை பேர் இத்தனை குறைவான பேருக்குக் கடன்பட்டதில்லை என்கிற அந்த வாக்கியம் அவர் வாயில் முதலில் வந்தது. நாலு நாள் கழித்துப் பாராளுமன்றத்தில் பேசினார்.

நம் ஊர்ச் சம்பந்தம் ஒன்று இருக்கிறது. அன்றைய ஆங்கிலேய விமானப்படையின் 79-ஆம் ஸ்குவாட்ரனுக்கு மெட்ராஸ் பிரசிடென்சி என்று பெயர். மெட்ராஸ் மாகாணத்திலிருந்து வந்த போர் நிதிக்கு நன்றியாகக் கொடுத்த பெயர், அதில் பறந்தவர்கள் மெட்ராஸ்காரர்கள் என்று யாரும் கனவு காண வேண்டாம். அவர்களும் ஹரிக்கேன்தான் ஓட்டினார்கள். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை பிகின் ஹில்லில் இருந்தார்கள், அதாவது இதே அறையின் கட்டளையில். பிறகு ஓய்வுக்காக வேல்ஸ் பக்கம் பெம்ப்ரிக்கு மாற்றிவிட்டார்கள். ஆகவே செப்டம்பர் 15 நிலவரத்தைக் காட்டுகிற பலகையில் பிகின் ஹில் பக்கம் 79-ஐத் தேடி ஏமாறாதீர்கள். 1942-இல் அதே ஸ்குவாட்ரன் இந்தியாவுக்கு வந்து, பர்மா போர்முனையில் முதலில் ஹரிக்கேனிலும் 1944-இலிருந்து தண்டர்போல்ட்டிலும் பறந்து, 1945 கடைசியில் கலைக்கப்பட்டது. பெயர் வைத்த ஊருக்குக் கிட்டத்தட்டப் பக்கத்திலேயே போய் முடிந்த கதை. இதை வழிகாட்டியிடம் சொன்னபோது ரொம்ப ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார், அடுத்த குழுவுக்குச் சொல்கிறேன் என்றார்.

வழிகாட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. எங்களுக்கு வந்தவர் மனப்பாடமாக ஒப்பிக்காமல், கூட்டத்தில் இருந்த சின்னப் பிள்ளைகளிடம் கடிகாரத்தைக் காட்டி, இப்போது மேசையில் எந்த நிறம் இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்று கேட்டு விளையாடியே பாதியைச் சொல்லிக்கொடுத்துவிட்டார். பெரியவர்களும் அதில்தான் கற்றுக்கொண்டோம், ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டாலும். வேறொரு இடத்தில், பெயர் வேண்டாம், ஸ்பிட்ஃபயர் அனுபவம் என்று கொள்ளை விலை வாங்கிக்கொண்டு ஒரு நாற்காலியும் டிவி திரையும் காட்டி அனுப்பினார்கள். அதோடு ஒப்பிட்டால் இங்கே கொடுக்கிற காசுக்கு இரண்டு மடங்கு கிடைக்கிறது.

மேலே இருக்கிற கண்காட்சிக் கட்டடம் 2018-இல் திறந்தது. நன்றாகத்தான் இருக்கிறது, விளக்கப் படங்கள், அந்தப் பெண்களின் வேலை, எல்லாம் உண்டு. ஆனால் பங்கரைப் பார்த்த பிறகு அதில் மனம் ஒட்டவில்லை, எனவே முதலில் மேலே, பிறகு கீழே என்று வரிசையை வைத்துக்கொள்ளுங்கள். இந்த அறையில் கிடைக்காதது ஒன்று இருக்கிறது: தரையில் வேலை பார்த்தவர்கள். ராத்திரியில் ஹரிக்கேனின் துணி போர்த்திய பின்பக்கத்தை ஒட்டுப் போட்டு, குண்டு நிரப்பி, விடிவதற்குள் மறுபடி பன்னிரண்டைத் தயார் செய்த மெக்கானிக்குகள் இல்லாமல் தயார் என்கிற விளக்கு எரிந்திருக்காது. இடத்தின் குறை இல்லை, கட்டளை அறையில் அவர்கள் இருக்க முடியாது. நீங்கள் மனதில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கார் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். ஏ40 சாலையில் தினமும் போகிறவர்கள் ரேடியோ டிராஃபிக் செய்தியில் போலிஷ் வார் மெமோரியல் அருகே நெரிசல் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்திருப்பீர்கள். அது வெறும் ரவுண்டானா என்று நினைக்கிறவர்கள் ஏராளம். நார்த்தோல்ட் தளத்தின் ஓரத்தில், உச்சியில் வெண்கலக் கழுகோடு நிற்கிற நினைவுத்தூண் அது, 1948-இல் திறந்தது, போலந்து விமானப்படையில் உயிர் விட்டவர்களின் பெயர்கள் பின்புறச் சுவரில் இருக்கின்றன. அதற்கு வடக்கே நார்த்வுட் கல்லறையில் யோசெஃப் ஃபிரான்டிஷெக்கின் கல்லறை இருக்கிறது. அவர் செக் நாட்டுக்காரர், ஆனால் போலந்துக்காரர்களோடுதான் பறப்பேன் என்று 303-இலேயே இருந்தவர். செப்டம்பர் ஒரே மாதத்தில் 17 வெற்றி அவர் பெயரில். ரோந்து முடிந்து திரும்பும்போது, சண்டையில் இல்லாமல், அக்டோபர் 8-ஆம் தேதி சரே பகுதியில் விழுந்து இறந்தார். அவர் இறந்ததற்காகப் பலகையில் அன்று அந்த ஸ்குவாட்ரனுக்கு ஒரு விளக்கும் மாறியிருக்காது. மூன்று நாள் கழித்து 303-ஐ வடக்கே லெக்கன்ஃபீல்டுக்கு ஓய்வுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் ஸ்பிட்ஃபயர், கடைசியில் மஸ்டாங் என்று போர் முடியும்வரை அந்த ஸ்குவாட்ரன் பறந்தது. 1946-இல் லண்டனில் வெற்றி அணிவகுப்பு நடந்தபோது போலந்து விமானப்படையினர் 25 பேருக்கு மட்டும் அழைப்பு வந்தது, மற்ற போலந்துப் படைகளை விட்டுவிட்டு எங்களுக்கு மட்டும் எதற்கு என்று அவர்கள் போகவில்லை. அதே ஆண்டு இறுதியில் ஸ்குவாட்ரன் கலைக்கப்பட்டது. பலர் சொந்த நாட்டுக்குத் திரும்பப் பயந்து இங்கேயே தங்கினார்கள், அங்கே அப்போது கம்யூனிஸ்ட் ஆட்சி. ஈலிங், ஹேமர்ஸ்மித் பக்கம் போலந்துக் கடைகளும் தேவாலயங்களும் இவ்வளவு இருப்பதன் ஆரம்பம் ஓரளவுக்கு அங்கிருந்துதான். ஊரை விட்டு வந்து பிழைக்கிற நமக்கு இந்தப் பகுதியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நடைமுறை விஷயம்: 76 படி இறங்கினால் 76 படி ஏற வேண்டும், முழங்கால் வலி உள்ள அப்பா அம்மாவைக் கூட்டிப் போனால் அவர்களை மேலே கண்காட்சியில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் இறங்குங்கள். திறந்திருக்கும் நாளையும் சுற்று நேரத்தையும் இணையத்தில் பார்த்து முன்பதிவு செய்துவிட்டே வீட்டை விட்டுக் கிளம்புங்கள், ஏனென்றால் கீழே ஒரு நேரத்தில் குறிப்பிட்ட ஆட்களுக்கு மேல் விட முடியாது. அரை நாள் ஒதுக்கினால் போதும். பிள்ளைகளைக் கூட்டிப் போவதானால் கடிகாரத்தின் மூன்று நிறம் எதற்கு என்பதை ரயிலிலேயே சொல்லிக் கொடுத்துவிடுங்கள், கீழே போனதும் அந்த மேசையை அவர்களே உங்களுக்கு விளக்குவார்கள்.